பஸ்ரியன் நினைவுப் புலமைப்பரிசில்

ஸ்காபரோ, ரொறன்ரோ
17 நவம்பர் 1996

அகஸ்ரினின் பெண்சாதி ஜெயமலருக்கு,

இது சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நான் கஸ்பர். நாவற்கண்டல் பட்டி முதலாளி பஸ்ரியனின் தம்பி. உன் புருசன் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று எங்கள் மாட்டை மேய்த்தவன் என்பதால் என்னை நீ மறந்திருக்க மாட்டாய்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஊர் இடம்பெயர்ந்தபோது நான் வள்ளமேறி இந்தியா போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். அண்ணை வர மறுத்துவிட்டார். "மாட்டை ஆரடா பாக்கிறது? நீ போ, நான் பின்னாலை வாறன்" என்று கரையில் நின்று சொன்னார். வரவில்லை. ஆமி சுட்டதென்று சொன்னார்கள். பட்டி காட்டோடு போய்விட்டதென்று சொன்னார்கள். அதை நம்பிக்கொண்டு நான் இங்கே ஒரு இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஊர்க்காரரைக் கூட்டி, அண்ணையின் பெயரில் ஒரு புலமைப்பரிசில் தொடங்கினேன். மாடு மேய்த்துச் சீவிக்கிற குடும்பங்களின் பிள்ளைகள் கன்னியர்மட விடுதியில் நின்று படிக்க வேண்டும், சோதனை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வேலை முடிந்த கையோடு, இரத்தம் காயாத சப்பாத்துடன், அஜின்கோர்ட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதென்று உங்கள் பங்குச் சுவாமியார் பெயர்கள் அனுப்பினார். நான் கையெழுத்து வைத்தேன். உலகத்தில் எத்தனையோ அகஸ்ரின்மார். உன் மகளென்று எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளை தன் வீட்டுப் பட்டியோடு நிற்கிற படம் அனுப்ப வேண்டுமென்று நான்தான் சட்டம் போட்டேன். மாடே இல்லாதவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று இங்கே ஒருவரும் பிறகு வாய் திறக்கக் கூடாது. அந்தப் படங்களை வைத்து ஒரு கலண்டர் அடிக்கக் கொடுத்தோம். தை மாதத்துக்கு உன் மகள் அன்ரனெற்றின் படம். அச்சுக்காரன் பெரிதாக்கிக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். அவள் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு நிற்கிற கிழட்டுப் பசுவின் இடது காதில் மீன்வால் வெட்டு. எங்கள் அப்பு போட்ட வெட்டு. தொடையில் எங்கள் குறிசூடு, வில்லும் சிலுவையும். அதைச் சுற்றி ஒரு வட்டம் சுட்டு மறைத்திருக்கிறீர்கள். குறியை மறைக்கலாம், வெட்டிய காதை ஒட்ட முடியுமா?

நேற்று எங்கள் இராப்போசன விருந்து. உன் தம்பி பிரசாந் சாப்பாட்டுக் கடைக்காரரோடு பரிமாற வந்திருந்தான். "கொத்தான் அகஸ்ரின் எங்கையடா?" என்று கேட்டேன். "அத்தான் செத்து ஆறு வருசம், உங்களுக்குத் தெரியாதோ?" என்றான். சிரித்தான். அப்படித்தான் எனக்குப் பட்டது. கதிரையைத் தூக்கி முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். பிள்ளைகள் மேடையில் நடனமாடிக்கொண்டிருந்தார்கள், பாட்டை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. தாடை உடைந்துவிட்டதாம். பொலிஸ் என்னைக் கொண்டுபோய் அடைத்தது. இன்று காலை மனைவி வந்து பிணையெடுத்தாள். எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை.

படிவத்தில் தகப்பன் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. அண்ணையைக் கொன்று, பட்டியை எடுத்துக்கொண்டு, எங்கோ காட்டுக்குள் கிடக்கிறான். அவன் தன் கையால் எனக்கு எழுத வேண்டும். அதுவரை உன் மகளுக்கு ஒரு சதமும் வராது. கன்னியர்மடத்துக்கும் அறிவித்துவிட்டேன்.

கஸ்பர்


நாவற்கண்டல்
தை 20, 1997

கஸ்பர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சுவாமியார் வவுனியாவுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் சுகம். கைகால் நன்றாக இருக்கிறது, மாடு மேய்க்கிறேன்.

என் தம்பியை அடித்ததை விருந்தில் கறி பரிமாறினது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு உங்கள் பட்டியும் தெரியாது, கொண்ணர் பஸ்ரியன் ஐயாவையும் தெரியாது. உங்கள் ஊர்ப் பிரச்சினை நடந்தபோது அவன் மன்னாரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். யாரோ அவனைச் சாகக் கொடுக்காமல் கனடாவுக்கு அனுப்பினால், அங்கே நீங்கள் கதிரையோடு நிற்கிறீர்கள்.

"எங்கள் வீட்டுச் சோறு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நாலு கன்று பிறந்தால் ஒன்று மேய்க்கிறவனுக்கு. அது ஊர் வழமை. அந்தக் கன்றுக்கு மேய்க்கிறவனின் குறியைச் சுட்டுக் கொடுப்பது முதலாளியின் வேலை. குறி இல்லாவிட்டால் அந்தக் கன்றும் முதலாளியுடையதுதான். ஒவ்வொரு வருடமும் பெரியவர், அதுதான் உங்கள் கொண்ணர், "பாப்பம், அடுத்த போகம் பாப்பம்" என்றார். என் மனுசன் பன்னிரண்டு வருடம் மேய்த்தான். அவன் குறி போட்ட ஒரு கன்று அந்தப் பட்டியில் இருக்கவில்லை.

எண்பத்தெட்டில் அவனே ஒரு வட்டக் குறி செய்வித்து, தன் பங்குக் கன்றுகளுக்குச் சுட்டான். பெரியவர் கண்டார். கள்ளன் என்றார். பட்டி வாசல் கட்டையில் அவனைக் குப்புறக் கட்டினார்கள். பெரியவர் கம்பியைக் காய்ச்சினார். சின்னவர் நீங்கள் அவன் கால் இரண்டையும் பிடித்தீர்கள். முதுகில் வைத்து அழுத்தினார். மாட்டுக்குச் சுடுகிற அதே வில், அதே சிலுவை. பட்டியில் நின்ற மாடுகளெல்லாம் அந்த மணத்துக்கு வெருண்டு கதறின. நீங்கள் பிடியை விடவில்லை. இப்போது பட்டிக்காரர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறீர்கள். கொடுங்கள்.

பசு உங்களுடையதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது ஆளைக் கண்டு வெருளாத பசு என்பதால் பிள்ளை அதன் பக்கத்தில் நின்று படமெடுத்தாள். அவளுக்குக் குறியும் தெரியாது, காதும் தெரியாது. ஊர் ஓடியபோது அவளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டாரோடு மடுக் கோயிலுக்கு அனுப்பிவிட்டிருந்தேன்.

என் மனுசனும் உங்கள் கொண்ணரும் ஒரே நாளில் செத்தார்கள். ஆமி. அவ்வளவுதான் நான் எழுதுவேன்.

பிள்ளைக்குப் பதினாறு வயது. மார்கழியில் சோதனை எடுக்க வேண்டும். விடுதியை விட்டு வந்தால் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இயக்கத்தின் வாகனம் சந்தியில் நிற்கும், கூட்டம் நடக்கும், பாட்டுப் போடுவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளை ஒருநாள் போய்விடும். கன்னியர்மட மதில் ஒன்றுதான் அவளை மறித்துக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கு என்னோடுதான் கோபம். அந்த மதிலை இடிக்காதீர்கள்.

ஜெயமலர்


ஸ்காபரோ
10 மார்ச் 1997

ஜெயமலருக்கு,

கோழி கிண்டின மாதிரி எழுத்து இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், ஸ்னோ உருகிக்கொண்டிருந்தது. கடைப் பின்கதவால் எலும்பு வாளியை வெளியே கொண்டுவந்தேன். கார் ஒன்றிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். ஒருவன் உன் தம்பி. தாடைக்குக் கம்பி கட்டியிருந்ததால் அவனால் வாய் திறக்க முடியவில்லை. நான்தான் ஆள் என்று விரலால் காட்டினான். மற்றவன் ஜாக்கெற்றுக்குள்ளிருந்து வாளை எடுத்தான். தலைக்கு வந்ததைக் கையால் மறித்தேன். வாளியோடு விழுந்தேன். என் விரல்கள் எங்கள் கடை எலும்புகளோடு கலந்துவிட்டன. மனைவி அழுதுகொண்டு வாளிக்குள் தேடினாள். தையல் போட்ட டொக்டர் இனி வைக்க முடியாது என்றார். ரொறன்ரோவில் இப்போது எங்கள் பெடியள் இப்படித்தான், சந்திக்குச் சந்தி வாள். உன் தம்பியைப் பொலிஸ் பிடித்து மறியலில் வைத்திருக்கிறது. நான் சாட்சி சொன்னால் அவனை இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொல்வேன்.

சூட்டுக் கதை எழுதியிருந்தாய். ஊரில் கள்ளனுக்கு அதுதான் தண்டனை, எங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஒன்றில்லை. நான் பிடித்தது காலை மட்டும். பெரியவர் சொன்னால் அந்த வீட்டில் மறுக்கிற ஆள் யார்? எனக்கு வயது இருபத்தாறு. பிடிக்காவிட்டால் என்னையும் அந்தக் கட்டையில் கட்டியிருப்பார். அது உனக்குத் தெரியும்.

கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அகஸ்ரின் செத்தானென்றால் அவன் குழி எங்கே? சுவாமியாருக்கு எழுதிக் கேட்டேன். கோயில் சவக்காலையில் அவனுமில்லை, அண்ணையுமில்லை, பூசை வைத்ததாகவும் ஒருவருக்கும் ஞாபகமில்லை என்று பதில் போட்டார். ஆமி சுட்டுச் செத்த ஆட்களை ஊர் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைக்கும். நீ ஒருவருக்கும் காட்டவில்லை. ஏனென்றால் காட்டுவதற்குச் செத்தவன் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான். உனக்கு எங்கேயென்றும் தெரியும்.

அதனால் இங்கே இருக்கிற இயக்கத்தின் பொறுப்பானவர்களிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். கொலை, மாட்டுக் களவு இரண்டும் எழுதினேன். அங்கேயிருந்து ஆட்கள் வருவார்கள், விசாரிப்பார்கள். நான் கதிரையால் கேட்டேன், அவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். உன் மகளின் படத்தைக் கலண்டரில் போடவில்லை. தை மாதத்துக்கு மாதா படம் போட்டோம்.

கஸ்பர்


நாவற்கண்டல்
சித்திரை 28, 1997

கஸ்பர் அவர்களுக்கு,

உங்கள் விரலுக்காக நான் அழவில்லை. பிரசாந்துக்காக அழுதேன்.

பணம் வரவில்லையென்று கன்னியர்மட மதர் பிள்ளையைப் பெட்டியோடு அனுப்பிவிட்டா. கிழமை இரண்டாயிற்று. காலையில் மாட்டோடு போகிறாள், மத்தியானம் வந்து கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். நேற்றுச் சந்தியில் கூட்டம். போகவேண்டாம் என்று கையைப் பிடித்தேன். பிடித்த இடம் கன்றிவிட்டது. அதனால் உங்களிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றும் இல்லை. முறைப்பாட்டை நிறுத்துங்கள். அகஸ்ரின் எங்கேயென்று நானே சொல்கிறேன்.

ஊர் ஓடின அன்று மத்தியானம். பொம்பர் விமானம் இரண்டு முறை சுற்றிவிட்டுப் போயிருந்தது. பிள்ளையை அனுப்பிவிட்டு மனுசனைக் கூட்டிக்கொண்டு போக நான் பட்டிக்குத் திரும்பி வந்தேன். பெரியவர் துவக்கோடு நின்றார். முழுப் பட்டியையும் வடக்குப் பக்கம் சாய்த்துக்கொண்டு போகச் சொன்னார். என் மனுசன் தன் பங்கு மாடுகளைப் பிரித்துத் தரச் சொன்னான், பெண்சாதி பிள்ளையோடு போகவேண்டும் என்றான்.

"இதிலை உன்ரை எண்டு ஒண்டுமில்லை. குறியைப் பார்" என்றார் பெரியவர்.

"என்ரை முதுகிலையும் உங்கடை குறிதான் கிடக்கு. அப்ப நானும் உங்கடையோ?"

"ஓம்" என்றார்.

வேலிக்கட்டை தறிக்கிற கோடாலி அவன் கையில் இருந்தது. ஒரே வெட்டு, தலையில். அவர் விழுகிறபோது துவக்கு வெடித்தது. சுட்டாரா, தானாக வெடித்ததா, எனக்குத் தெரியாது. என் மனுசனுக்கு வயிற்றில். பெரியவர் அந்த இடத்திலேயே முடிந்தார். இவன் பொழுதுபடுகிற நேரம் வரை கிடந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தால் வயிற்றால் வந்தது. கடைசியில் என்னைத் தெரியாமல் பேசினான். மாடுகளோடு பேசினான் என்று நினைக்கிறேன்.

நாய்கள் வந்துவிட்டன. இரண்டு கிடங்கு வெட்ட எனக்குச் சீவன் இல்லை. பட்டிக்குப் பின்னால் பாலை மரத்தடியில் ஒரு கிடங்கு வெட்டி இரண்டு பேரையும் இழுத்துப் போட்டேன். பெரியவரின் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றவில்லை. அதனால்தான் சவக்காலையில் குழி இல்லை. நான் எந்தக் குழியைக் காட்டுவேன்?

பிறகு நெருப்பு மூட்டினேன். உங்கள் வீட்டுக் கம்பி என்னிடம் இல்லை, அவன் செய்வித்த வட்டக் கம்பிதான் இருந்தது. உங்கள் சிலுவையைச் சுற்றி வட்டம் போட்டேன். காட்டுக்குள் சாய்த்துக்கொண்டு திரிந்து, கிடைத்த நாளெல்லாம் சுட்டேன். கை வெந்தது. அவனுக்கு வரவேண்டிய கன்றுகளுக்கும், அவன் முதுகுக்கும், அந்த மத்தியானத்துக்கும் சேர்த்து முழுப் பட்டியையும் எடுத்துக்கொண்டேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

பிள்ளைக்கு நான் சொன்னது வேறு. அப்பாவும் பஸ்ரியன் ஐயாவும் பட்டியைக் காப்பாற்ற நின்று, ஆமி சுட்டுச் செத்தார்கள் என்று சொன்னேன். ஐயா பெயரில் புலமைப்பரிசில் வந்தபோது சந்தோசப்பட்டாள். "அவை ரெண்டு பேரும் கூட்டாளியள் என்னம்மா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

பட்டியைத் தருகிறேன். முழுவதையும். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் என்னையும் உங்கள் பொறுப்பானவர்களிடம் கொடுங்கள். மார்கழிச் சோதனை வரை பிள்ளையை மதிலுக்குள் விடுங்கள். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

ஜெயமலர்


ஸ்காபரோ
9 யூன் 1997

ஜெயமலர் அவர்களுக்கு,

உமது கடிதத்தைக் கடைக் குளிர் அறைக்குள் நின்று வாசித்தேன். கதவைப் பூட்டிக்கொண்டேன். தொங்குகிற மாட்டுத் துண்டங்களுக்கு நடுவில் நின்று, உள்ளே இருக்கிற கொளுக்கி எல்லாவற்றையும் இழுத்து விழுத்தினேன். விரல் போன கையால் சுவரில் குத்தினேன், ஆறின காயம் பிரிந்துவிட்டது. கடைக்காரர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வரச் சொல்வாரோ தெரியாது.

உமது புருசன் என் அண்ணையைக் கொன்றவன். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் அண்ணை "ஓம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர். அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்த ஒரு சொல்லை எத்தனை தரம் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். தொழிலாளிக்குச் சொன்னார், கூடப்பிறந்த எனக்குச் சொன்னார், எங்கள் அம்மாவுக்கும் சொன்னார்.

இங்கே எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒருவருக்கும் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பெயரை மாற்றச் சொல்வார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், மற்றப் பிள்ளைகளின் படிப்பும் அதோடு போகும். பெயர் கிடக்கட்டும்.

இனிக் காரியம். ஒன்று: விடுதிப் பணம் மார்கழிச் சோதனை வரைக்கும், அதற்குப் பிறகு உயர்தரப் படிப்பு முடியும் வரைக்கும், என் சொந்தக் கணக்கிலிருந்து சுவாமியாருக்கு அனுப்பிவிட்டேன். மதருக்கும் எழுதிப் போட்டேன். பிள்ளை இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே பெட்டியைத் தூக்க வேண்டும். மற்றது: முறைப்பாட்டை வாபஸ் வாங்கப் போனேன். அங்கே இருந்த தம்பி என்னைவிட எத்தனையோ வயது இளையவன், காலுக்கு மேல் காலைப் போட்டுக்கொண்டு, "அண்ணை, நீங்கள் நினைச்ச நேரம் தரவும் நினைச்ச நேரம் எடுக்கவும் இது கடையில்லை" என்றான். நான் கத்தினேன். பிறகு கெஞ்சினேன். "அறிவிக்கிறம்" என்றான். அறிவித்திருப்பான் என்று நம்புகிறேன். ஆனாலும் யாராவது வந்தால் குழியைக் காட்டவேண்டாம். புருசன் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று சொல்லும். நானும் அதையே சொல்வேன்.

பிரசாந்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வெட்டினவர்களை நான் பார்க்கவில்லை, வெயில் கண்ணில் அடித்தது என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் நம்பவில்லை. என்ன செய்வார்கள், விரல் என்னுடையது. அவன் இப்போது டோர்செட் பார்க்கில் பழைய அப்பாட்மென்றில்தான் இருக்கிறான். வீதியில் கண்டால் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பட்டி எனக்கு வேண்டாம். பிள்ளை போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதும்.

கஸ்பர்


நாவற்கண்டல்
ஆவணி 6, 1997

கஸ்பர்,

நீ அனுப்பின ஆட்கள் வைகாசி முடிவில் வந்தார்கள். உன் கடிதம் போன கிழமைதான் வந்தது.

மூன்று பேர். இரண்டு பெடியள், ஒரு பெட்டை. பெட்டைக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அகஸ்ரின் எங்கே என்று கேட்டார்கள். செத்துவிட்டான் என்றேன். குழியைக் காட்டு என்றார்கள். காட்டவில்லை. மூத்தவன் துவக்குப் பிடியால் தோளில் இடித்தான். அடுத்தது முகத்தில். பல் ஒன்று கையில் வந்தது. அதற்கும் நான் காட்டவில்லை. பிள்ளைதான் பயந்துபோய், அம்மா வெள்ளிக்கிழமைகளில் பாலை மரத்தடியில் மெழுகுதிரி கொளுத்துகிறவ என்று சொல்லிவிட்டாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

மண்வெட்டியும் என் வீட்டிலேயே எடுத்தார்கள். ஏழு வருட மண் இறுகிக் கிடந்தது. எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன, நான் அடுக்கி வைக்கவில்லையே, இழுத்துப் போட்டேன். ஒரு மண்டையோடு பிளந்திருந்தது. மூத்தவன் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். "உது ஆமியின்ரை வேலை இல்லை. உது கோடாலி" என்றான்.

அன்ரனெற் கிடங்கின் விளிம்பில் நின்றாள். "அம்மா, இதிலை அப்பா எது?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டினேன். எங்கே நீட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். வாயில் இரத்தம், பிள்ளைக்கு முன்னால், உனக்கு எழுதினதைச் சொன்னேன். சூட்டையும் சொன்னேன், கன்றையும் சொன்னேன். மூத்தவன் கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆள் முடிந்தது, வழக்கு முடிந்தது என்றான். தண்டமென்று பட்டியில் பாதியைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். கிடங்கை மூடச் சொல்லி என்னிடம் விட்டார்கள்.

நான் மூடிக்கொண்டிருந்தபோது பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பாவைச் சுட்டவரின்ரை பேரிலையோ நான் படிச்சனான்?" என்றாள். நான் குனிந்து மண்ணைத் தள்ளினேன். அவள் தன் கொப்பிகளைக் கொண்டுவந்து கிடங்குக்குள் போட்டாள். எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். என் பிள்ளை என்னை முதல்முறை அடித்தாள்.

அந்தப் பெட்டை அன்று போகும்போது என் முகத்தைத் துடைத்துவிட்டவள். பிள்ளையோடு வேலிக்கு அருகில் நின்று கனநேரம் கதைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இவளாவது பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று நினைத்தேன். நான் எவ்வளவு மொக்குப் பெண்பிள்ளை என்று பார். இரண்டாம் நாள் விடிய எழும்பினேன், பாயில் பிள்ளை இல்லை. சந்திக்கு ஓடினேன். அவர்கள் வந்த அதே வாகனம் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். நீ கூப்பிட்டு வந்த வாகனத்திலேதான் அவள் ஏறினாள்.

முகாம் வாசல் வரை போனேன். மூன்று தரம் போனேன். படுத்துக் கிடந்தேன், தலையை வாசல் கட்டையில் அடித்தேன். மூன்றாம் தரம் அவளையே வெளியே அனுப்பினார்கள். தலைமயிரை வெட்டியிருந்தாள். "வீட்டை போங்கோ" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை.

உன் பணம் வந்திருக்கிறது. சுவாமியார் கடித உறையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். மதர் கட்டிலை வெறுமையாக வைத்திருக்கிறாவாம். நீ சாட்சியை மாற்றிச் சொன்னதற்குத் தம்பியின் தமக்கை என்ற முறையில் நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இவளை அனுப்பினோம். நீ வெளியே இருந்து தள்ளினாய், நான் உள்ளே இருந்து பொய் சொன்னேன்.

வடக்கே சண்டை பெரிதாக நடக்கிறது. பொழுதுபட வானொலியில் செத்தவர்களின் பெயர் வாசிக்கிறார்கள். நான் பக்கத்து வீட்டு வாசலில் போய் இருந்து கேட்கிறேன். இயக்கத்தில் சேர்ந்ததும் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் வைப்பார்களாம். இவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று முகாம் வாசலில் கேட்டேன். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் முழுப் பெயர்களையும் கேட்டுவிட்டு எழும்பி வருகிறேன். அதில் என் பிள்ளை இருந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஜெயமலர்